லாரி டர்போ வேற... பைக் டர்போ வேற!

அயோத்தியாப்பட்டணத்தில் ‘டர்போ’ என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேலத்திலிருந்து கிழக்கே வரும் சாலை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போகிறது. இன்னொன்று அரூர் பக்கம். இரண்டிலும் ராப்பகலாக லாரி ஓடும். சேலத்தைத் தாண்டி மேற்கே, தெற்கே போனால் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல். லாரி, போர்வெல் ரிக், டேங்கர்... இவைதான் அந்த ஊர்களின் பிழைப்பு. லோடு ஏற்றிய லாரி மேட்டில் ஏறும்போது எழுகிற அந்த விசில் சத்தத்தைக் கேட்டே, ‘டர்போ நல்லா இழுக்குது’ என்று சொல்லிவிடுகிற ஆட்கள் நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பார்கள்.

அதனால்தான் இந்தப் பகுதி இளைஞர்கள் கேட்கிற ஒரு கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது. “லாரிக்கு வெக்கிறாங்க, காருக்கு கம்பெனியே வெச்சுத் தருது. என் பைக்குக்கு வெச்சா என்னங்க?”

வைக்கலாம். உலகத்தில் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால், லாரிப் பட்டறையில் கற்ற டர்போ பாடத்தில் பாதிதான் பெட்ரோல் பைக்குக்குப் பொருந்தும். மீதிப் பாதி, இன்ஜினைக் கொன்றுவிடும். எந்தப் பாதி எது என்பதுதான் இந்த வார விஷயம்.

வீணாகும் புகையில் ஒரு விசிறி

டர்போ ஒன்றும் மாயம் இல்லை. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை சும்மா போவதில்லை; சூட்டையும் வேகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளும். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் புக்கி என்ற இன்ஜினீயர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

காற்று அதிகம் வந்தால், அதற்கேற்ற எரிபொருளையும் அதிகம் எரிக்கலாம். அதிகம் எரித்தால் அதிக சக்தி. இதுவரை லாரிக்கும் பைக்குக்கும் ஒரே கதைதான். இதற்கு மேல்தான் வழி பிரிகிறது.

டீசலுக்கு மருந்து, பெட்ரோலுக்கு விஷம்

டீசல் இன்ஜின் முதலில் வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து நெருக்குகிறது. நெருக்கும்போது காற்று கொதிக்கிறது. கடைசி நேரத்தில் டீசல் பீய்ச்சப்பட்டு, அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. தானாகப் பற்றுவதுதான் அதன் வேலை. அங்கே காற்று மிச்சம் இருந்தால் ஒரு குறையும் இல்லை. டீசல் கூடி, காற்று போதாமல் போனால்தான் கறுப்புப் புகையும் சூடும். எனவே, லாரியில் சூடு ஏறினால் ‘டீசலைக் குறை’ என்பது சரியான வைத்தியம்.

பெட்ரோல் இன்ஜினில் நிலைமை தலைகீழ். காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே வந்து, கலந்தே நெருக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் பொறி வைத்த பிறகு, தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒழுங்காகப் பரவ வேண்டும. ஆனால் உள்ளே சூடும் அழுத்தமும் அளவு மீறினால், தீ போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். இதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறோம். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வரும். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் போகும்போது, காற்றிரைச்சலிலும் ஹெல்மெட்டுக்குள்ளும் அந்தச் சத்தம் காதில் விழாமலே போகலாம். பிஸ்டனின் ஓரம் உடைந்து, ரிங் நொறுங்கி, சில நேரம் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும்.

பெட்ரோல் இன்ஜினில் பூஸ்ட் ஏறும்போது, பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் சூடு ஏறும், நாக்கிங்கும் வரும். பெட்ரோல் சற்றுக் கூடினால் உள்ளே குளிரும். சாதாரணமாக 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போ முழு பலத்தில் தள்ளும்போது, ட்யூனர்கள் அதை 12 கிராம் காற்றுக்கு அருகே, அதாவது பெட்ரோல் கூடுதலாக இருக்கும்படி வைக்கிறார்கள். ‘சூடாகுது, கொஞ்சம் பெட்ரோலைக் குறைச்சுப் பார்ப்போம்’ என்று லாரி வைத்தியத்தை இங்கே செய்தால், அடுத்த மேட்டிலேயே இன்ஜின் போய்விடும்.

சித்திரை வெயிலில் ஒரு கணக்கு

நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. டர்போ 7 பி.எஸ்.ஐ பூஸ்ட் தருகிறது என்று வையுங்கள். மொத்தம் 21.7. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ‘அப்படியானால் சக்தியும் ஒன்றரை மடங்கா?’ என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் வெயில் குறுக்கே வருகிறது.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடுமே, அதே சமாசாரம்தான். காற்றை நெருக்கினால் சூடாகும். சேலத்து வெயிலில் 38 டிகிரியில் இருக்கும் காற்றை, சுமாரான ஒரு டர்போ இந்த அளவுக்கு நெருக்கினால், அது 90 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும், எடை குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தால், உள்ளே கூடுதலாகப் போகும் காற்று 50 சதவிகிதம் அல்ல, சுமார் 25 சதவிகிதம்தான்.

நடுவில் இன்டர்கூலர் வைத்து அந்தக் காற்றை 55 டிகிரிக்கு இறக்கினால், கூடுதல் காற்று சுமார் 40 சதவிகிதமாக ஏறும். அதைவிட முக்கியம், நாக்கிங் அபாயம் குறையும். ஆனால் ஒரு பைக்கில் இன்டர்கூலரை எங்கே வைப்பது? இன்ஜினுக்கு முன்னால் வைத்தால், இன்ஜினுக்கு வர வேண்டிய குளிர் காற்றை அது மறைக்கும். ஏர் கூல்டு பைக் என்றால், கேட்கவே வேண்டாம்.

ஆக, இன்டர்கூலர் இல்லாத கிட்டை மாட்டினால் 20 பி.ஹெச்.பி பைக் 25-ஐத் தொடலாம். நாக்கிங் வராமல் இருக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருப்பதால், அதிலும் கொஞ்சம் போகும். இந்த 5 பி.ஹெச்.பி-க்காகத்தான் மொத்த இன்ஜினையும் பணயம் வைக்கிறோம்.

கம்பெனிகளே கைவைத்துப் பார்த்த கதை

பைக்கில் டர்போ வைக்கும் ஆசை நமக்கு மட்டும் வந்ததல்ல. 1978-ல் அமெரிக்காவில் கவாஸாகி இசட்1ஆர்-டிசி என்ற பைக் விற்பனைக்கு வந்தது. ஏற்கெனவே இருந்த 1,000 சிசி பைக்கில், வெளியிலிருந்து வாங்கிய டர்போ கிட்டை மாட்டியிருந்தார்கள். உள்ளே பிஸ்டன் முதலியவை அதே பழையவைதான். அதற்கு வாரன்ட்டி கிடையாது. கம்பெனி பெயர் போட்ட பைக்குக்கே வாரன்ட்டி இல்லை என்றால், உள்ளே என்ன நடக்கும் என்பது விற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அதற்குப் பிறகு ஜப்பானின் நான்கு பெரிய கம்பெனிகளும் முறையாகக் களமிறங்கின. 1982-ல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவும் யமஹா எக்ஸ்ஜே650 டர்போவும் வந்தன. அடுத்து சுஸுகி எக்ஸ்என்85. 1984-ல் கவாஸாகி ஜிபிஇசட்750 டர்போ.

இதில் ஹோண்டா செய்ததைக் கவனியுங்கள். சாதாரண சிஎக்ஸ்500-ன் கம்ப்ரஷன் 10-க்கு 1. டர்போ மாடலில் அதை 7.2-க்கு 1 என்று இறக்கினார்கள். அதாவது, டர்போ முன்கூட்டியே நெருக்கிக் கொடுப்பதால், இன்ஜின் தன் பங்குக்கு நெருக்குவதைக் குறைத்துக்கொண்டது. கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தார்கள். இத்தனையும் செய்த பிறகுதான் 50 பி.ஹெச்.பி சுமாருக்கு இருந்த இன்ஜின் 82-க்குப் போனது. கார்புரேட்டரையே வைத்துக்கொண்ட யமஹா, அதற்குள்ளும் அழுத்தம் சமமாக இருக்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. இல்லையென்றால் பெட்ரோல் காற்றோடு சேராது.

இவ்வளவு பாடுபட்டும் 1980-களின் நடுவிலேயே எல்லாக் கடையும் மூடப்பட்டது. எடை அதிகம், விலை அதிகம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அடுத்த கணம் மொத்தமாக வரும். வளைவில் சாய்ந்திருக்கும்போது அப்படி வந்தால் பின்சக்கரம் கையைவிட்டுப் போகும். ஜிபிஇசட்750 டர்போ 112 பி.ஹெச்.பி தந்தது. அதே 1984-ல் அதே கவாஸாகி, டர்போ இல்லாத ஜிபிஇசட்900ஆர் பைக்கை ஏறக்குறைய அதே சக்தியோடு விற்றது. இன்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே போதும் எனும்போது டர்போ எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

2015-ல் கவாஸாகி நிஞ்ஜா ஹெச்2 வந்தபோது, டர்போவைத் தொடாமல் இன்ஜின் சுழற்சியிலேயே ஓடும் சூப்பர்சார்ஜரை வைத்தார்கள். அதிலும் கம்ப்ரஷன் 8.5-க்கு 1 தான். 2024-ல் இத்தாலியின் மிலன் கண்காட்சியில் ஹோண்டா காட்டிய புதிய வி3 இன்ஜினில், காற்றைத் தள்ளுவதற்கு மின்மோட்டாரில் ஓடும் கம்ப்ரஸர் இருக்கிறது. புகைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் யோசனை. நாற்பது வருடங்கள் கழித்தும், கம்பெனிகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, பாதுகாப்பாக ட்யூன் செய்வது எப்படி?

ரேஸ் டிராக்குக்காகத் தயார் செய்பவர்கள் கடைப்பிடிக்கும் வரிசை கிட்டத்தட்ட இதுதான்.

முதலில் இன்ஜினின் ஆரோக்கியம். கம்ப்ரஷன் டெஸ்ட், வால்வ் கிளியரன்ஸ், ஆயில் கசிவு. நோயாளிக்கு டர்போ கட்டினால் நோய்தான் வேகமாகும்.

இரண்டாவது, பெட்ரோல் சப்ளை. 40 சதவிகிதம் காற்று கூடினால் 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் பெட்ரோலும் கூட வேண்டும். பம்ப்பும் இன்ஜெக்டரும் அதைத் தர முடியுமா? இன்ஜெக்டர் தன் முழுத்திறனில் 80-85 சதவிகிதத்துக்கு மேல் உழைக்காதபடி பெரிதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, இ.சி.யூ. இது பலருக்கும் தெரியாத பொறி. சாதாரண பைக்கில் காற்றழுத்தத்தைப் பார்க்கும் சென்சார், பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் எவ்வளவு பூஸ்ட் வந்தாலும் அதற்குத் தெரியாது. எனவே இ.சி.யூ பழைய அளவே பெட்ரோல் கொடுக்கும். வண்டி ஓடும், இழுக்கும், உள்ளே பிஸ்டன் உருகும். பூஸ்ட்டை அளக்கும் சென்சாரும், அதைப் புரிந்துகொண்டு பெட்ரோலையும் டைமிங்கையும் மாற்றும் இ.சி.யூ-வும் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

நான்காவது, டைமிங். ஒரு பி.எஸ்.ஐ பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி பின்னுக்கு என்பது ஆரம்பக் கணக்கு. அதோடு, சூட்டை வேகமாகக் கடத்தும் ‘கோல்டு’ வகை ஸ்பார்க் பிளக். இடைவெளியும் கொஞ்சம் குறைவாக.

ஐந்தாவது, வேஸ்ட்கேட். பூஸ்ட் அளவு மீறினால் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் கதவு இது. இருப்பதிலேயே மெலிதான ஸ்பிரிங்கில், குறைந்த பூஸ்ட்டில் ஆரம்பிக்க வேண்டும். இதற்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸ் கழன்றால் பூஸ்ட் கட்டில்லாமல் ஏறும். அதனால், அளவு தாண்டினால் இன்ஜினை அடக்கும் ‘பூஸ்ட் கட்’ இ.சி.யூ-வில் கட்டாயம்.

ஆறாவது, டைனோ. பின்சக்கரத்தை உருளையில் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் மெஷின். கலவையைத் துல்லியமாகக் காட்டும் ‘வைடுபேண்ட்’ ஆக்ஸிஜன் சென்சாரைப் பொருத்தி, முன்னால் பெரிய ஃபேன், பக்கத்தில் தீயணைப்பான், வண்டியைக் கட்டிவைத்து ஓட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நாக்கிங் அறிகுறி தெரிந்த நொடியில் நிறுத்த வேண்டும். ஆத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவதற்குப் பெயர் ட்யூனிங் இல்லை.

கடைசியாக, எந்தப் பெட்ரோலில் ட்யூன் செய்தோமோ அதே பெட்ரோல். பங்க்கில் சாதாரண பெட்ரோல் வேறு, பிரீமியம் வேறு, இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த 100 ஆக்டேன் வேறு. 100 ஆக்டேனுக்கு ட்யூன் செய்த வண்டிக்கு, ராத்திரி பத்து மணிக்கு வேறு வழியில்லாமல் சாதாரண பெட்ரோல் போட்டால், அன்றைக்கே நாக்கிங். இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். ஆனால் அது எரியக் குறைந்த காற்று போதும் என்பதால் கலவைக் கணக்கே மாறும். கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும்.

பட்டறைப் பாடத்தில் பொருந்தும் பாதி

லாரிக்காரர்களிடம் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எந்த பழைய டிரைவரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார். “லோடோட ஏத்தம் ஏறி வந்தா, நிறுத்தின உடனே ஆஃப் பண்ணாத கண்ணு. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும்.”

அது அனுபவம் மட்டுமல்ல, அறிவியலும்கூட. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். கொதிக்கும்போது சட்டென்று நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கட்டியாகும். நாளடைவில் பேரிங் போகும். பைக்குக்கும் இதே விதிதான். நேரத்துக்கு ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைப்பது, ஹோஸ் கிளிப்பைத் தொட்டுப் பார்ப்பது... எல்லாம் அப்படியே பொருந்தும்.

ஒன்றை மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் தானாகக் கீழே வடிந்துதான் இன்ஜினுக்குத் திரும்பும். லாரியில் இடம் இருக்கிறது. பைக்கில் இடமில்லாமல் டர்போவைத் தாழ்வாக வைத்தால் ஆயில் திரும்பாது. தனி பம்ப் வேண்டும். இல்லையென்றால் சைலன்ஸரில் நீலப்புகை.

இன்ஜின் தாங்கும், ரோடு தாங்குமா?

இன்ஜினை ஒழுங்காகக் கட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 100-ல் போன வண்டி 120-ல் போகிறது. வேகம் கூடியது 20 சதவிகிதம். ஆனால் நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 44 சதவிகிதம் கூடும். டிஸ்க், டயர், செயின், கிளட்ச் எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவை. நம் சாலையிலோ, ஊருக்கு ஊர் குறுக்கே திரும்பும் டிராக்டரும், சென்டர் மீடியன் இடைவெளியில் எட்டிப் பார்க்கும் மாடும் உண்டு.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய அடி வேறு. விபத்து நடந்தால், மாற்றியமைத்த வண்டி என்று காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். ஒரு இளைஞனின் ஆசைக்கு, அவன் அப்பா ஆயுசுக்கும் கடன் கட்ட நேரிடும்.

ஆசையே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கான இடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. தமிழ்நாட்டில் இருக்கிற நமக்கு ஒரு ராத்திரிப் பயணத்தில் இரண்டும் எட்டும். டிராக்குக்கென்று ஒரு வண்டி, அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போவது, முறையான லைசென்ஸ், கவசம், பக்கத்தில் ஆம்புலன்ஸ். அங்கே டர்போவின் விசில் கேட்க நன்றாகவே இருக்கும்.

கிட் வாங்கக் கையில் போனை எடுப்பதற்கு முன், விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். கம்ப்ரஷனை எவ்வளவு இறக்கினீர்கள்? பூஸ்ட்டை அளக்கும் இ.சி.யூ இதில் இருக்கிறதா? டைனோவில் கலவை எவ்வளவு காட்டியது? மூன்றுக்கும் எண்ணில் பதில் வராமல், “ஒண்ணும் ஆகாது தம்பி” என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள்.